டப்பா யார் கட்டுவது?

நம் குடும்பங்களில் மத்தியானச் சாப்பாட்டு டப்பா குறைந்து வருகிறது. ஏன் என்று கேட்டால் மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். காலையில் நேரமில்லை, மும்பைப் புழுக்கத்தில் சாப்பாடு கெட்டுப் போகிறது, ஆபீஸில் எல்லோரும் போனில் ஆர்டர் கொடுத்து வரவழைக்கிறார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நான்காவதாக ஒரு காரணமும் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. டப்பா கட்டுகிற வேலை வீட்டில் ஒரே ஒருவர் தலையில் விழுந்திருக்கிறது. அவரும் இப்போது வேலைக்குப் போகிறார். மற்றவர்கள் பிடிக்கிற அதே லோக்கலைத்தான் அவரும் பிடித்தாக வேண்டும்.

சங்கத்து விழாவில் ஒரு பந்தியில் உட்கார்ந்து, "வீட்டுச் சாப்பாட்டுக்கு ஈடு உண்டா, நீங்கள் எல்லாம் ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று நாங்கள் சில பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மாமா, நாலே முக்காலுக்கு எழுந்து நாலு டப்பா கட்டிவிட்டு ஏழு பத்து வண்டியைப் பிடித்துப் பாருங்கள். அப்புறம் பேசலாம்." எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை. நியாயமான பதில் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. டப்பாவைச் சாப்பிடுகிறவரே அதைக் கட்ட வேண்டும். கணவனானாலும் சரி, காலேஜுக்குப் போகும் பையனானாலும் சரி, பெண்ணானாலும் சரி. சிலருக்கு இது பிடிக்காது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மும்பையில் டப்பாவுக்கு ஒரு பெரிய சரித்திரமே உண்டு. 1890-ஆம் வருஷம் மகாதேவ் ஹாவாஜி பச்சே என்பவர் ஆட்களைச் சேர்த்து ஆரம்பித்த டப்பாவாலா ஏற்பாட்டை உலகமே வியந்தது. இங்கிலாந்து இளவரசர் சார்லஸ் 2003-இல் வந்து அவர்களைப் பார்த்துவிட்டுப் போனார். 2013-இல் அவர்களை வைத்து ஒரு ஹிந்திப் படமும் வந்தது. டப்பாவின் மூடியில் வர்ணத்தால் எழுதிய குறிகளை வைத்தே எந்த ஸ்டேஷன், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்று கண்டுபிடித்து விடுவார்கள். எல்லோரும் அந்தக் குறிகளைப் பற்றியே பேசினார்கள். ரயில்வேக்காரனான எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அதன் நேரக்கணக்கு. ஆபீஸ் போகிறவர் ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார். டப்பாவோ அதற்குப் பல நாழிகை கழித்து, ஒன்பது ஒன்பதரைக்குத்தான் வீட்டை விட்டுக் கிளம்பும். சமைப்பவருக்கு அந்த இரண்டு மணி நேரம் மிச்சம். சாம்பார், ரசம், கூட்டு என்று நிதானமாகச் செய்து அடுக்கி அனுப்ப முடிந்தது அதனால்தான்.

அந்த ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஒன்பதரை மணிக்குக் கதவைத் திறந்து டப்பாவைக் கொடுக்க வீட்டில் ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளும் ஏழு பத்து வண்டியில் ஏறிவிட்ட பிறகு டப்பாவாலா யார் கதவைத் தட்டுவார்? 2020 மார்ச்சில் லோக்கல் ரயில்கள் நின்றபோது அவர்கள் தொழில் அடியோடு நின்றது, பிறகு பழைய அளவுக்கு வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் வீடுகளைப் பொறுத்தவரை அது அதற்கு முன்பே குறைய ஆரம்பித்துவிட்டது. வீட்டு நேரம் மாறிவிட்டது. சமையல் பட்டியல் மட்டும் மாறவில்லை. ஒன்பதரை மணி டப்பாவின் சாப்பாட்டை ஆறரை மணிக்குள் முடிக்கச் சொல்கிறோம். முடியாமல் போனால், "இந்தக் காலத்துப் பெண்களுக்கு வணங்கவில்லை" என்று பேசுகிறோம்.

டப்பாவில் முழுச் சாப்பாடு இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பயணத்துக்கென்றே நம்மிடம் ஒரு தனிச் சமையல் இருக்கிறது. கட்டுச்சோறு. திருப்பதிக்கும் பழனிக்கும் நடந்து போனவர்கள் அதைத்தான் மூட்டை கட்டினார்கள். ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற சித்ரான்னங்களும் அதுதான். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போகும்போது கட்டுச்சோறு கட்டிப் போகிற வழக்கம் இன்றும் பல குடும்பங்களில் இருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கி ஆறேழு மணி நேரம் கழித்து, சூடில்லாமல், தொட்டுக்கொள்ள அதிகம் இல்லாமல், ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிட்டாலும் ருசிக்க வேண்டும் என்று யோசித்துச் செய்த சமையல் அது. மும்பைக்கு வந்த நாம் அதை ஊருக்குப் போகும் ரயிலுக்கு மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டோம். தாதரில் ரயில் ஏறும்போது புளிசாதம், தயிர்சாதம் என்று கட்டுகிற அதே வீட்டில், தாதருக்கு ஆபீஸ் போகிறவருக்கு மட்டும் நாலு அடுக்கு கேரியர் வேண்டும் என்கிறார்கள்.

ரயில் பாதையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிய விஷயமே இல்லை. மலைப்பாதையில் என்னோடு வேலை செய்த மராட்டியக் கேங்மன்கள் ஜோவார் பாக்ரி, பச்சை மிளகாய்த் தேச்சா, ஒரு வெங்காயம், இவற்றைத் துணியில் கட்டிக்கொண்டு வருவார்கள். மரத்தடியில் பிரித்தால் காலையில் இருந்த ருசி அப்படியே இருக்கும். அது அவர்களுடைய கட்டுச்சோறு. டிரைவர்களும் கார்டுகளும் இரும்பு லைன் பாக்ஸில் அரிசி, பருப்பு, பொடி வகைகளை வைத்துக்கொண்டு ரன்னிங் ரூமுக்குப் போய், சமையற்காரரிடம் கொடுத்தோ, தாங்களே கரண்டி பிடித்தோ சாப்பிட்டார்கள். மீசை வைத்த ஆண்பிள்ளைகள்தான். ஒருவர் கௌரவமும் குறைந்ததாக நான் பார்க்கவில்லை. குடும்பத்தை விட்டு மலையில் இருந்த வருஷங்களில் நானும் எனக்கு நானே கட்டிக்கொண்டுதான் லைனுக்குப் போனேன். அதில் தியாகம் ஒன்றும் இல்லை. இருபது நிமிஷ வேலை.

இருபது நிமிஷத்தில் எப்படி என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். டப்பாவுக்கு முதல் எதிரி ஆவி. கொதிக்கக் கொதிக்கச் சாதத்தைப் போட்டு மூடினால் ஆவி மூடியில் முட்டி, தண்ணீராகித் திரும்பச் சாதத்தில் சொட்டுகிறது. மேலே சொதசொதப்பு, கீழே கட்டி, பத்து மணிக்கே ஒரு வாடை. இரண்டாவது எதிரி வெதுவெதுப்பு. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்து கொதிக்கிற தண்ணீரிலும் சாகாது. ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் பெருகி, ஒரு நஞ்சை உண்டாக்கும். மத்தியானம் மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போவதில்லை. ஆகவே ஒன்று, கொதிக்கக் கொதிக்க ஹாட் கேஸில் வைத்து, சூடு குறையுமுன் சாப்பிட வேண்டும். அல்லது அகலமான தாம்பாளத்தில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் சீக்கிரமாக ஆற வைத்துப் பிறகு மூட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வெதுவெதுப்பாக மூடுவதுதான் வினை. முதல் நாள் சாதமாக இருந்தால் ராத்திரி முழுவதும் மேடை மேலே கிடந்ததை எடுக்கவே கூடாது. ஆறினதும் ஃபிரிட்ஜில் வைத்திருக்க வேண்டும்.

இந்தச் சாஸ்திரம் ஒன்றும் படிக்காமலே நம் பாட்டிகள் விடை கண்டிருந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். புளிசாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாதத்தை விறைப்பாக வடித்து, தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டுப் பரப்பி ஆற வைக்கிறோம். ஆவி போய்விட்டது. எண்ணெய் பருக்கையைச் சுற்றிக்கொண்டதால் ஒட்டாது, மத்தியானம் வரை காயவும் காயாது. புளியின் புளிப்பு கிருமியை எளிதில் வளர விடாது. நேரம் ஆக ஆகக் காரமும் உப்பும் சாதத்துக்குள் ஊறுவதால் காலை ஆறு மணியைவிட மத்தியானம் ஒரு மணிக்குத்தான் அது அதிக ருசி. வேறு எந்தச் சமையலைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்? புளிக்காய்ச்சலை ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை கொதிக்க விட்டு, ஈரமில்லாத பாட்டிலில் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் கவலை இல்லை. காலையில் இருப்பது குக்கர் வைப்பதும் கலப்பதும்தான். அதற்கு அம்மாவின் கைமணம் தேவையில்லை. இருபது வயதுப் பையனின் கை போதும்.

தயிர்சாதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. தயிரைக் கொட்டிப் பிசைந்தால் ஒரு மணிக்குப் பல் கூசும். குழைந்த சாதத்தில் பாலைத் தாராளமாக விட்டு மசித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேர்க்க வேண்டும். ரயிலில் போகும்போதே அது தோய்ந்து, சரியாகச் சாப்பாட்டு வேளைக்கு இளந்தயிர்ப் பதத்துக்கு வந்துவிடும். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளிக்கலாம். வெங்காயமும் வெள்ளரியும் போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். எலுமிச்சைச் சாறை அடுப்பை அணைத்துச் சற்று ஆறிய பிறகுதான் பிழிய வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். தேங்காய்ச் சாதத்தை மே மாதத்திலும் அக்டோபர் புழுக்கத்திலும் டப்பாவில் வைக்க வேண்டாம். வெண்பொங்கல் வீட்டில் அமிர்தம், டப்பாவில் சிமெண்ட்.

காய் விஷயத்திலும் தண்ணீர் இல்லாததாகப் பார்த்துச் செய்தால் போதும். பருப்பு உசிலி, வாழைக்காய்ப் பொடிமாஸ், சேனை வறுவல். இங்கே டெண்ட்லி என்று விற்கும் கோவைக்காயும், கவார் என்கிற கொத்தவரங்காயும் எண்ணெயில் சுருள வதங்கினால் டப்பாவுக்கென்றே பிறந்தவை. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு முட்டைப் பொடிமாஸ் இருக்கிறது, சுருள வதக்கிய கோழி இருக்கிறது. கோழியை முதல் நாள் செய்து ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் கொதிக்கச் சூடு பண்ணி, மேலே சொன்னபடி ஹாட் கேஸில் வைத்துக்கொள்ளலாம். மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி இருக்கிறது. அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை. பூண்டும் கொப்பரையும் சேர்த்து இடித்த மராட்டியப் பொடியை நம் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு பாருங்கள். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்ததற்கு அதுவும் ஒரு லாபம்.

டப்பா வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கொக்கி போட்ட அடுக்கு கேரியர் டப்பாவாலாவின் நீண்ட மரத்தட்டில் நிமிர்ந்து நின்று போவதற்கு ஏற்றது. முதுகுப் பையில் படுத்துக்கொண்டு, குர்லாவில் நூறு பேர் நெருக்க, தலைகீழாகப் போவதற்கு அது ஏற்றதல்ல. சாம்பார் லேப்டாப்பில் இறங்கின கதை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்று, சின்னக் கிண்ணம் ஒன்று, அவ்வளவுதான்.

செலவைப் பார்ப்போம். எங்கள் வீட்டுக் கணக்கில் புளிசாதம், ஒரு காய், தயிர் எல்லாம் சேர்த்து, கேஸ் உட்பட ஒரு டப்பாவுக்கு ஐம்பது ரூபாயைத் தாண்டுவதில்லை. வரவழைத்துச் சாப்பிட்டால் பண்டத்தின் விலை, வரி, பேக்கிங், கொண்டு வருகிற கூலி என்று இருநூறு ரூபாய் சாதாரணமாக ஆகிறது. வித்தியாசம் ரூ.150. மாதத்துக்கு 22 வேலை நாள் என்றால் ரூ.3,300. கணவன் மனைவி இருவருக்கும் ரூ.6,600. வருஷத்துக்கு ரூ.79,200. பதினைந்தாயிரம் வாடகை கொடுத்து ஒண்டிக் குடித்தனம் இருக்கும் குடும்பத்துக்கு இது ஐந்து மாத வாடகைக்கு மேல். எண்ணெயையும் மைதாவையும் பற்றி நான் சொல்ல வேண்டாம், டாக்டர் சொல்வார்.

இவ்வளவு இருந்தும் இளைஞர்கள் தயங்குவதற்கு இன்னொரு காரணம் கூச்சம். வாசனை வருகிறதென்று பக்கத்து மேஜைக்காரர் மூக்கைச் சுளிக்கிறாராம். பெருங்காயத்துக்கும் நல்லெண்ணெய்க்கும் வாசனை இருக்கத்தான் செய்யும். பீட்சாவுக்கு இல்லையா? அதற்கு யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை. மூடின ஏ.சி. அறையில் மீனைச் சூடு பண்ணினால் மற்றவருக்குக் கஷ்டம் என்பது நியாயம்தான். கட்டுச்சோற்றில் அந்தத் தொந்தரவும் இல்லை, அதைச் சூடு பண்ணவே வேண்டாம். முந்நூறு பேருக்கு ஒன்று என்று வைத்திருக்கும் மைக்ரோவேவ் முன்னால் வரிசையில் நிற்கவும் வேண்டாம்.

ஆனால் உட்கார்ந்து சாப்பிட இடம் வேண்டுமே! 1948-ஆம் வருஷம் தொழிற்சாலைச் சட்டம் எழுதியவர்கள் அதன் 47-ஆவது பிரிவில், 150 தொழிலாளர்களுக்கு மேல் உள்ள தொழிற்சாலையில், கொண்டு வந்த சாப்பாட்டைச் சாப்பிடத் தகுந்த ஓர் அறையும் குடிதண்ணீரும் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். மில் தொழிலாளியின் டப்பாவுக்குக் கிடைத்த அந்த மரியாதை, இன்று கண்ணாடிக் கட்டடத்தில் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் டப்பாவுக்கு எல்லா இடத்திலும் கிடைப்பதாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஓர் ஆபீஸில், வெளிச் சாப்பாட்டை கேண்டீனுக்குள் கொண்டு வரக்கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்களாம். வீட்டுச் சாப்பாடு என்றைக்கு வெளிச் சாப்பாடு ஆயிற்று? பத்துப் பேர் சேர்ந்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் நாலு மேஜை போட மறுக்க மாட்டார்கள். டப்பா கொண்டு போகிறவர்கள் பத்துப் பேராவது இருந்தால்தான் கடிதமும் எழுத முடியும்.

எல்லோராலும் முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அடுப்பு வைக்க அனுமதியில்லாத அறையில் மூன்று பேரோடு தங்கியிருக்கும் பையனிடமோ, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்து விழும் பெண்ணிடமோ இதைச் சொல்லமாட்டேன். அவர்களுக்கு ஒரு நல்ல மெஸ்ஸைக் கண்டுபிடித்துக் கொடுப்பதே உதவி. நான் பேசுவது, சமையலறையும் ஃபிரிட்ஜும் குக்கரும் உள்ள வீட்டில் கைகால் நன்றாக இருக்கும் நாலு பேர் தூங்கிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் எழுந்து நிற்கிறாரே, அந்த வீட்டைப் பற்றி. "அவள் ஆசையாகச் செய்கிறாள்" என்று சொல்கிறார்கள். இருக்கலாம். ஒரு வாரம் நீங்கள் கட்டுங்கள். அந்த ஆசை எங்கே போகிறது என்று பார்க்கலாம். நாலு டப்பாவையும் நீங்களே கட்ட வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. சாதம் பொதுவாக ஒருவர் வைக்கட்டும், முறை வைத்து. கலப்பது, காய் எடுத்து வைப்பது, மூடுவது, சாயங்காலம் வந்து டப்பாவைக் கழுவிக் கவிழ்ப்பது அவரவர் பொறுப்பு. கழுவுவதை நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன். ராத்திரி பத்து மணிக்குப் பையிலிருந்து வெளியே வருகிற, காய்ந்துபோன டப்பாதான் பல வீடுகளில் சண்டையின் ஆரம்பம்.

சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கும் ஒரு யோசனை சொல்கிறேன். வருஷா வருஷம் சமையல் போட்டி நடத்துகிறோம். நோட்டீஸில் "மகளிருக்கு மட்டும்" என்று அச்சடிக்கிறோம். அல்வாவும் அலங்காரமும் வருகின்றன, படம் எடுக்கிறோம், பரிசு கொடுக்கிறோம். இந்த வருஷம் அதோடு ஒரு டப்பாப் போட்டியும் வைக்கலாம். காலை ஏழு மணிக்கு, மூடின டப்பாவை ஹாலில் கொண்டு வந்து கொடுத்துவிட வேண்டும். சாமான் செலவு ரூ.50-க்குள். மேஜை மேல் ஃபேன் இல்லாமல் அப்படியே இருக்கட்டும். மத்தியானம் ஒரு மணிக்குத் திறந்து, சூடு பண்ணாமல் நடுவர்கள் சாப்பிட வேண்டும். கட்டியவரே எதிரில் உட்கார்ந்து, அதே டப்பாவில் பாதியைச் சாப்பிட வேண்டும். பெண்களும் சேரலாம், ஆனால் வீட்டுக்கு ஓர் ஆணாவது பெயர் கொடுத்தால்தான் அந்த வீட்டுக்கு அனுமதி. முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். புளிசாதமும் கோவைக்காயும்.